ஹேவாஹெட்டக் குதிரையின் முன்னங்கால்

கண்டியில் சமதரை கிடையாது என்பதை என் வலது முழங்கால்தான் முதலில் கண்டுபிடித்தது. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து நூறு அடி நடப்பதற்குள் முறையிட ஆரம்பித்துவிட்டது. ஐம்பத்து நான்கு வயதுக் கால். முப்பது வருடமாக மாட்டுக்கும் குதிரைக்கும் கீழே குந்திக் குந்தி எழுந்த கால். கோயம்புத்தூரில் எலும்பு டாக்டர் படி ஏறவே கூடாது என்று சொல்லியிருந்தார். அவரிடம் நான் இலங்கை மலைநாட்டுக்குப் போகிறேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு மணி நேரம் திட்டியிருப்பார்.

வந்த காரியம் ஒரு குதிரை. கண்டிக்கு மேலே, ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பழைய பங்களாவை விருந்தினர் விடுதியாக மாற்றி, வருகிறவர்கள் சவாரி போக இரண்டு குதிரைகளை வைத்திருக்கிறார்கள். அதில் ரோசி என்கிற பெண் குதிரைக்கு இடது முன்னங்காலில் தசைநாண் கிழிந்துவிட்டது. தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. லேசில் ஆறாது, ஆறினாலும் ஒழுங்காக ஆறாது. அதனால் இப்போது ஒரு வைத்தியம் செய்கிறோம். குதிரையின் கழுத்திலிருந்தே ரத்தம் எடுத்து, மெஷினில் சுழற்றி, காயத்தை ஆற்றுகிற அணுக்கள் திரண்டு நிற்கும் பாகத்தை மட்டும் பிரித்து, கிழிந்த இடத்திலேயே ஊசியால் ஏற்றுவது. குதிரையின் மருந்தைக் குதிரையிடமிருந்தே வாங்குகிற வேலை.

மூன்று மாதத்துக்கு முன் ரோசிக்கு அதைச் செய்தவர் டாக்டர் நஸ்ரின். கண்டிக்காரர், என்னிடம் சில வாரம் பயிற்சிக்கு வந்தவர். நான் கோயம்புத்தூரில் உட்கார்ந்து வீடியோவில் பார்த்தபடி கூடவே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது கொழும்பில் இருக்கும் முதலாளி ஒரே கேள்வி கேட்கிறார்: குதிரை தேறுமா, தேறாதா? தேறாது என்றால் வேறொரு சுற்றுலா ஊரில் குதிரை வாடகைக்கு விடுகிறவருக்குத் தள்ளிவிடப் போகிறார். அங்கே போனால் நொண்டிக்கொண்டே நாள் முழுக்க ஆள் சுமக்க வேண்டியதுதான். இந்தக் கேள்விக்கு நான் நேரில் வந்து பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும்.

நஸ்ரின் போனில் சொன்னதுதான் என்னைக் கிளப்பியது. "மேடம், குதிரை நொண்டவே இல்ல. ஆனா ஸ்கேன்ல ஓட்டை அப்பிடியே ஈக்குது."

தசைநாணில் கிழிசல் அப்படியே இருக்கிறதாம். அப்படி நடக்காது. ஓட்டை இருந்தால் நொண்ட வேண்டும். நொண்டாமல் இருந்தால் ஓட்டை மூடியிருக்க வேண்டும்.

முதல் நாள் நஸ்ரின் என்னை அக்குறணையில் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். கண்டியிலிருந்து மாத்தளை போகிற சாலை. இரண்டு பக்கமும் கடை, கடைக்குப் பின்னால் கடை, நடுவே மூச்சு முட்டிக்கொண்டு போக்குவரத்து. கோயம்புத்தூர் காந்திபுரத்தில் மாட்டிக்கொண்டதுபோல் இருந்தது. என்ன, இங்கே ஹாரன் அடிப்பவர்கள் குறைவு. எல்லோரும் அமைதியாக மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

நஸ்ரினின் அம்மா வாசலிலேயே என் நடையைப் பார்த்துவிட்டார். "மகள், இந்தக் கால வெச்சிக்கிட்டா நீங்க குதிரைக்கு வைத்தியம் பாக்க வந்தீங்க?" என்றார். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு வழி?

பகல் சாப்பாடு சஹனில். பெரிய தட்டு ஒன்றில் சோறும் கறியும் குவித்து, சுற்றி உட்கார்ந்து எல்லோரும் அதே தட்டிலிருந்து சாப்பிடுவது. பாயில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார்களாம். என்னால் பாயில் உட்காரவும் முடியாது, உட்கார்ந்தால் எழவும் முடியாது. அந்த அம்மா தட்டைத் தூக்கி மேசையில் வைத்தார். சுற்றி நாற்காலிகளைப் போட்டார்கள். "உங்களுக்காக சஹனையே மேசைக்கு ஏத்திட்டோம், பாருங்க" என்றார். கோழிப் பொரியலை என் பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருந்தார். மூன்று நாளைக்கான சோற்றை ஒரே வேளையில் சாப்பிட்டேன். முடிவில் வட்டலப்பம் வந்தது. கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்ந்த அந்தப் பண்டத்துக்காக இன்னொரு முறை வரலாம் என்று தோன்றியது. நிறைந்த வயிறோடு முழங்கால் வலி மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டு, அட்டையை அதே மேசையில் மறந்து வைத்துவிட்டேன். அது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

இரண்டாம் நாள் நஸ்ரினுக்குக் கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை. என்னை ஆட்டோவில் ஏற்றிவிட்டார். ரத்தம் சுழற்றுகிற மெஷின் என் மடியில், ஸ்கேன் பெட்டி முதுகில். ஓட்டுநர் யோகன் கண்டி மஹய்யாவக்காரர். வழியெல்லாம் பேச்சு.

"இது என்னாங்க மடியில? ரைஸ் குக்கரா?"

குதிரை ரத்தம் சுழற்றுகிற மெஷின் என்றேன். ஒரு வளைவைத் திருப்பினார். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்து, "குதிரைக்குன்னு இந்தியாவுல இருந்தா வந்தீங்க?" என்றார். அந்தக் கேள்வியில் எவ்வளவு கிண்டல், எவ்வளவு வியப்பு என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

பாதி மலை ஏறியதும் ஆட்டோ கொதித்து நின்றது. யோகன் பதறவே இல்லை. பாறையில் மூங்கில் செருகித் தண்ணீர் விழும் இடத்தில் போத்தலில் பிடித்துவந்து ஊற்றினார். அதைப் பீலி என்கிறார்கள். நாலு நிமிடம் குளிரட்டும் என்றார். நாற்பது நிமிடம் குளிர்ந்தது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கிளம்பும்போது, "கொஞ்சம் எறங்கி நடந்தீங்கன்னா வண்டி ஏறிரும்" என்றார். மெஷினைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, மழையில், ஏற்றத்தில், நான் ஆட்டோவின் பின்னால் நடந்தேன். ஊட்டி மலையில் எத்தனை முறை போயிருக்கிறேன், ஒரு வண்டிக்காரரும் என்னை இறக்கி நடக்க வைத்ததில்லை. அதையும் யோகனிடம் சொன்னேன். "அங்க ரோடு நல்லா இருக்கும் போல" என்றார்.

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்குக் குதிரையைப் பார்க்கும் ஆசையே போய்விட்டது. படுக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் சிவலிங்கம் லாயத்து வாசலில் குதிரையைத் தேய்த்துப் பளபளவென்று நிறுத்திவைத்திருந்தார்.

சிவலிங்கம்தான் குதிரைக்காரர். ஐம்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு. முன்பு தேயிலைக் கொழுந்து மூட்டை சுமந்தவர், குதிரை வந்த பிறகு குதிரையோடு வந்துவிட்டார். "வாங்க டொக்டர் அம்மா" என்று கும்பிட்டார். கும்பிட்ட கையை உடனே ரோசியின் கழுத்தில் வைத்துக்கொண்டார். பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைத் திட்டு. நல்ல குணமான குதிரை. என் தலைமயிரை மோந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டது.

"கொஞ்சம் நடத்திக் காட்டுங்க" என்றேன். நடத்தினார். ரோசி நேராக நடந்தது, தலை ஆடவில்லை, காலைத் தாங்கி நடக்கவில்லை. நொண்டியது சிவலிங்கம்தான். அதை நான் கவனித்தேன், பொருட்படுத்தவில்லை. என் தொழிலில் நாலு காலைப் பார்க்கும்போது ரெண்டு காலைப் பார்ப்பதில்லை.

ஈர முடியை மழித்து ஸ்கேன் வைத்தேன். சாம்பல் நிறத் தசைநாணின் நடுவே கறுப்பாக ஓட்டை. மூன்று மாதத்துக்கு முன் நஸ்ரின் அனுப்பிய படத்தை விடப் பெரிது. கையால் அழுத்தினால் சூடு தெரிந்தது. ஆனால் ரோசி காலை இழுக்கவில்லை, காதைக்கூட மடக்கவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. நான் படித்தது தப்பா, ஸ்கேன் தப்பா, குதிரை தப்பா?

"வலிக்கு ஏதாவது மருந்து குடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க டொக்டர் அம்மா. நஸ்ரின் டொக்டர் குடுக்க வேணாம்னு சொன்னாங்க."

"யாரும் ஏறினாங்களா?"

அதற்கு அவர் தரையைப் பார்த்தார். "தொரை சொன்னா ஏத்தித்தானே ஆகணும்" என்றார். துரை என்பது தோட்ட மேனேஜர். குதிரை நேராக நடப்பதைப் பார்த்து, குணமாகிவிட்டது என்று, இரண்டு வாரத்துக்கு முன்பே விருந்தாளிகளை ஏற்றச் சொல்லிவிட்டார். ஓட்டை பெரிதானதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் ஏன் நொண்டவில்லை என்பதற்கு மட்டும் கிடைக்கவில்லை.

பங்களாவின் பின்கட்டில் எனக்கு அறை கொடுத்தார்கள். மறுநாள் காலை ரோசிக்குத் திரும்ப ரத்தம் எடுத்து ஊசி போடுவது என்று முடிவு செய்துகொண்டேன். இரவுச் சாப்பாட்டுக்குக் கோதுமை ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும். சம்பல் என் கண்ணில் தண்ணீர் வரவைத்தது. மாத்திரை தேடினால் அட்டை இல்லை.

மூன்றாம் நாள் காலை கட்டிலிலிருந்து இறங்க முடியவில்லை. முழங்கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. தேத்தண்ணி கொண்டுவந்தவர் புஷ்பம். காலையில் இரண்டு மணி நேரம் பங்களா சமையலறைக்கும் அதன் பிறகு கொழுந்து எடுக்கவும் போகிறவர். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுவதைப் பார்த்தார்.

"கால் ஏலாதா டொக்டர் அம்மா? மாத்திர போடலியா?"

"மாத்திரையை அக்குறணையில விட்டுட்டு வந்துட்டேன்."

"அட, இதுக்கா?" என்றார். "இருங்க, சிவலிங்கம் அண்ணன்ட்ட வாங்கியாறேன். எங்க மாத்திர எல்லாம் அங்கதான இருக்கு."

போய்விட்டார். நான் தேத்தண்ணியைக் கையில் பிடித்தபடி நின்றேன். 'எங்க மாத்திர எல்லாம்.' எனக்கு உறைக்க அவ்வளவு நேரம் ஆனதற்கு இப்போதும் வெட்கப்படுகிறேன்.

புஷ்பம் இரண்டு மாத்திரையோடு திரும்பி வந்தார். சாதாரண வலி மாத்திரை, தோட்டத்து டிஸ்பென்சரியில் கொடுப்பது. நான் அதை விழுங்காமல் கையில் வைத்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து லாயத்துக்குப் போனேன். அங்கே சிவலிங்கம் ஒரு பால்மாவு டின்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கித்துள் கருப்பட்டித் துண்டில் மாத்திரைகளை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டிருந்தார். ஒரு கைப்பிடி இருக்கும். ரோசி கழுத்தை நீட்டிக் காத்திருந்தது.

"அதக் குடுக்காதீங்க!" என்று கத்தினேன். குதிரைதான் அதிர்ந்தது. சிவலிங்கம் மெதுவாக டின்னை மூடினார்.

முந்தின நாள் இல்லை என்று சொன்னவர், இப்போது எதையும் மறைக்கவில்லை. கேட்டதும் எல்லாவற்றையும் சொன்னார். ஊசி போட்ட மறுநாள் ரோசியின் கால் வீங்கி, சூடாகி, நொண்ட ஆரம்பித்திருக்கிறது. அப்படித்தான் ஆகும், இரண்டு நாள் விட்டுவிடுங்கள் என்று நஸ்ரின் சொல்லியிருந்தார். ஆனால் மூன்றாம் நாள் துரை பார்க்க வருவதாக இருந்தது.

"வீங்கின காலோட தொரை முன்னுக்கு எப்பிடிங்க நிப்பாட்டுறது? நொண்டுதுன்னு எழுதிட்டா அனுப்பிருவாங்கள்ல. நாங்களும் அப்பிடித்தானுங்க. காலு, இடுப்பு எல்லாம் எல்லாருக்கும் நோகத்தான் செய்யுது. பெரட்டுக்குப் போறதுக்கு முந்தி ரெண்டப் போட்டுக்கிட்டா நேரா நிக்கலாம். நொண்டிக்கிட்டுப் போய் நின்னா கங்காணி ஒரு மாதிரியாப் பாப்பாரு. ரோசிக்கும் அதத்தான் செஞ்சோம்."

பெரட்டு என்பது காலையில் கங்காணி எல்லோரையும் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பது.

"இவ்வளவு மாத்திரை எங்கேர்ந்து?"

"எங்க லயத்து வீடுகள்ல எல்லாரும் குடுத்தாங்க. குதிரை பெரிசுல்ல, ரெண்டு போட்டா பத்தாதே. டிஸ்பென்சரில அவங்கவங்களுக்குக் குடுக்கிறத இங்க கொண்டாந்து போட்டுருவாங்க."

"அப்ப நீங்கல்லாம்?"

"தைலம் தேச்சுக்கிட்டோம்." தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டார். "சமாளிக்கலாம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த வீக்கம்தான்யா வைத்தியம் என்றேன். ரத்தத்திலிருந்து பிரித்து ஏற்றியது வேலை செய்வதால்தான் வீங்குகிறது, சூடாகிறது. அந்த வேலையை நிறுத்துவதுதான் இந்த மாத்திரை. நாங்கள் கொளுத்திய அடுப்பில் நீங்கள் தினமும் தண்ணீர் ஊற்றியிருக்கிறீர்கள் என்றேன். வலி தெரியாததால் ரோசி கிழிந்த காலை முழுசாக ஊன்றியிருக்கிறது, அதன் மேல் ஆள் வேறு ஏறியிருக்கிறார்கள் என்றேன். வயிறு புண்ணாகிச் செத்திருக்கும் என்றும் சொன்னேன். அது மிகையில்லை.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வலி இருந்தாத்தான் ஆறும்னு எங்களுக்கு யாரும் சொன்னதில்லையேம்மா" என்றார்.

மருந்து கொடுக்காதே என்று சொன்னோம். ஏன் என்று சொன்னோமா? கோயம்புத்தூரில் உட்கார்ந்து ஊசி எந்தக் கோணத்தில் போக வேண்டும் என்று அரை மணி நேரம் பேசியவள், அந்தக் குதிரையோடு இருக்கப்போகிற மனிதரிடம் அரை நிமிடம் பேசவில்லை. என் கையில் இன்னும் அந்த இரண்டு மாத்திரைகள் இருந்தன. அக்குறணைவரை நான் செய்துகொண்டு வந்ததும் இதேதான். டாக்டர் படி ஏறாதே என்றார். நான் மாத்திரை போட்டுக்கொண்டு மலை ஏற வந்தேன். கையிலிருந்த இரண்டையும் டின்னிலேயே போட்டேன். பெருந்தன்மையால் இல்லை, வெட்கத்தால்.

அன்று ரத்தம் எடுப்பது வீண். மாத்திரை உடம்பை விட்டு முழுசாகப் போக இரண்டு வாரமாவது விட வேண்டும். அதுவரை நான் இங்கே இருக்க முடியாது. பிறகு நஸ்ரின்தான் ஊசி போட வேண்டும்.

நான்காம் நாள் நஸ்ரின் வந்தார். மண் சரிந்து சாலையில் பாதி அடைத்திருந்ததால் காரை விட்டுவிட்டு, கடைசித் துண்டைக் கொழுந்து லொறியில் ஏறி வந்திருந்தார். பர்தா முழுக்கச் சேறு. கையில் அம்மா கொடுத்தனுப்பிய சோற்றுப் பார்சலும் என் மாத்திரை அட்டையும். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டு ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"அல்லாஹ்வே, நான் வந்து வந்து பாத்தேனே மேடம், எனக்கு விளங்கவே இல்லயே."

மழை விடவில்லை. மூன்று பேரும் லாயத்தில் அமர்ந்து பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டோம். பேச்சு ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. துரையிடம் மாத்திரை விஷயத்தைச் சொன்னால் சிவலிங்கத்துக்கு வேலை போகலாம். சொல்லாவிட்டால் வைத்தியம் பலிக்கவில்லை என்றாகும், ரோசி போய்விடும். நஸ்ரின், "சொல்லாம ஈக்க ஏலாது" என்றார். நான் சொல்லாமல் எப்படியாவது எழுதிக் கொடுக்கலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். களைப்பு மனிதரை அப்படித்தான் யோசிக்க வைக்கும்.

சிவலிங்கம் சோற்றுக் கையைக் கழுவிவிட்டு வந்தார். "நாளைக்குப் பெரட்டு முடிஞ்சதும் தொரை பாக்குறேன்னு சொல்லியிருக்காரு. ரோசியக் கொண்டாறேன். மாத்திர இல்லாம எப்பிடி நடக்குதோ அப்பிடியே பாக்கட்டும்" என்றார். "நானே சொல்லிர்றேன்" என்றும் சொன்னார்.

ஐந்தாம் நாள் காலை மழை விட்டிருந்தது. பெரட்டுக் களம்தான் அந்தத் தோட்டத்தில் இருக்கும் ஒரே சமதரை. பெண்கள் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, முதுகில் கூடையோடு நின்றார்கள். பேர் கூப்பிட்டு முடிந்தும் யாரும் நகரவில்லை. கங்காணியும் விரட்டவில்லை. துரை வந்தார். நாற்பது வயது, சிங்களவர், தோட்டத்துத் தமிழ் சரளமாகப் பேசுகிறவர். முழங்கால்வரை சேற்றுப் பூட்ஸ்.

சிவலிங்கம் ரோசியைக் கொண்டுவந்தார். முதல் நாலு எட்டு ஒழுங்காக இருந்தது. ஐந்தாவதில் தலை மேலே போனது. ஒவ்வொரு முறை இடது கால் தரையில் படும்போதும் தலையைத் தூக்கித் தூக்கி நடந்தது. பார்க்கவே சங்கடமாக இருந்தது. பக்கத்தில் கயிற்றைப் பிடித்தபடி சிவலிங்கமும் அதே காலை இழுத்துக்கொண்டு நடந்தார்.

"ஓட்டு" என்றார் துரை.

ஓட்டினார். இரண்டு பேரும் ஓடினார்கள். அதை ஓட்டம் என்று சொல்வது பாவம். சிரித்திருக்கலாம், யாரும் சிரிக்கவில்லை. துரை கையைக் காட்டி நிறுத்தினார். என் பக்கம் திரும்பி, ஆங்கிலத்தில், "இந்த இரண்டு பேரில் நீங்கள் யாருக்கு வைத்தியம் பார்க்க வந்தீர்கள்?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சிவலிங்கம், "மாத்திர குடுத்தது நாந்தாங்க தொரை" என்றார். பின்னாலிருந்து புஷ்பத்தின் குரல் வந்தது: "நாங்க எல்லாருந்தாங்க குடுத்தோம்."

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். தேறும். இரண்டு வாரம் கழித்து மறுபடி ஊசி. பிறகு ஒன்பது மாதம், யாரும் ஏறாமல், தினமும் இந்தக் களத்தில் மெல்ல நடத்த வேண்டும். ஊசி சின்ன வேலை. நடைதான் பெரிய வேலை. அதற்கு ரோசி நம்புகிற ஆள் வேண்டும். இப்படி ஆனதில் பாதித் தப்பு என்னுடையது.

துரை அங்கேயே நின்று முதலாளிக்குப் போன் போட்டார். சிங்களத்தில் நிறையப் பேசினார். நஸ்ரின் எனக்குக் காதோடு மொழிபெயர்த்தார். முதலாளி ஒன்பது மாதத்தைக் கேட்டுக் கோபப்பட்டாராம். பிறகு, வருகிறவர்கள் பெரும்பாலும் குதிரைக்குப் பக்கத்தில் நின்று படம்தானே எடுத்துக்கொள்கிறார்கள், நொண்டிக் குதிரையும் படத்தில் நன்றாகத்தான் நிற்கும் என்று துரை சொன்னாராம். முதலாளி சரி என்றுவிட்டார். எனக்கு அந்தக் காரணம் பிடிக்கவில்லை. இருந்தாலும் மூச்சு வந்தது.

"ஒம்பது மாசம்" என்றார் துரை சிவலிங்கத்திடம். "மெல்ல நட. ஓட வேணாம். மாத்திர குடுத்தா நீயும் போற, குதிரையும் போற." சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

சிவலிங்கம் ரோசியின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நஸ்ரின் அழுதார். நான் அழவில்லை, ஆனால் உட்கார இடம் தேடினேன்.

புஷ்பம் வந்தார். "அப்ப அந்த மாத்திர இனி ரோசிக்கு வேணாந்தானே டொக்டர் அம்மா?"

"வேண்டவே வேண்டாம்."

அவர் லாயத்துக்குள் போய் டின்னை எடுத்துவந்தார். பெண்கள் சுற்றி நின்றார்கள். ஆளுக்கு இரண்டு இரண்டாக எல்லோர் கையிலும் போட்டார். சிலர் அங்கேயே போத்தல் தேத்தண்ணியில் விழுங்கினார்கள். சிலர் முந்தானையில் முடிந்துகொண்டார்கள்.

தன்னுடையதைக் கையில் வைத்துக்கொண்டு புஷ்பம் கேட்டார்: "ரோசிக்குப் போடுற ஊசி மாதிரி மனுசருக்கும் இருக்குங்களா?"

இருக்கிறது என்றேன். நம் ரத்தத்தையே எடுத்து, பிரித்து, முழங்காலில் போடுவார்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் செய்கிறார்கள்.

"போட்டா சரியாயிருமா?"

"சிலருக்குக் குறையும். ஆனா போட்டுட்டு இந்த மாத்திரை சாப்பிடக் கூடாது. கொஞ்ச நாள் மலை ஏறக் கூடாது. சுமை தூக்கக் கூடாது."

புஷ்பம் என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். பக்கத்தில் நின்றவரிடம் நான் சொன்னதைத் திருப்பிச் சொன்னார், அவரும் சிரித்தார். அது ஒவ்வொருவராகப் போய், களம் முழுக்கச் சிரித்தது. யாருக்கும் என்மேல் கோபம் இல்லை. நல்ல வேடிக்கை ஒன்றைச் சொன்னவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். புஷ்பம் மாத்திரை இரண்டையும் வாயில் போட்டு விழுங்கி, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, "போய்ட்டு வாங்க டொக்டர் அம்மா, காலப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு மற்றவர்களோடு மலை ஏறிப் போனார்.